பூ அலங்காரம், எண் ஆறு

வெர்டெல் காட்ஸ்டன் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். தென் கரோலினாவின் கடலோரத்தில், நண்டு உடைக்கும் கொட்டகையில் அம்மாவுக்கு உதவியாக இன்னொரு கை தேவைப்பட்டது. அத்தோடு பள்ளிக்கூடம் முடிந்தது. கையெழுத்து மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் பாடப்போகும் பாட்டுகளின் எண்களைப் பலகையில் எழுதுவது அவள் பொறுப்பு. கடைசி வரிசையில் இருக்கும் கண் மங்கிய கிழவர்கள்கூடத் தடுமாறாமல் படிப்பார்கள்.

அம்மா போன பிறகு தங்கை ஓர்லீனாவைக் கூட்டிக்கொண்டு, வடக்கே பெருநகரத்தில் கறுப்பர்கள் வாழும் ஹார்லெம் பகுதிக்கு வந்தாள். அப்போது வெர்டெலுக்குப் பதினாறு, தங்கைக்குப் பதினொன்று. பெரியவளுக்குப் பேச்சு குறைவு. எந்தக் கூட்டத்திலும் சுவரோரமாக இடம் பார்த்து நின்றுகொள்வாள். யார் யாரைப் பார்க்கிறார்கள், யார் யாரைப் பார்க்காத மாதிரி இருக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். வெளியே சொல்லமாட்டாள். சின்னவள் நேரெதிர். வளர்ந்ததும் எட்டாவது அவென்யூவில், சுருள் முடியைச் சூட்டுச் சீப்பால் இழுத்து நேராக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். வருகிற பெண்கள் முடிக்காக வருகிறார்களா, அவள் வாய்க்காக வருகிறார்களா என்று கடை முதலாளியம்மாவுக்கே குழப்பம். கடையில் கேட்டதையெல்லாம் ராத்திரி சமையல் மேசையில் உட்கார்ந்து கவிதையாக எழுதுவாள். எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அக்காதான் திருத்தமாகப் படி எடுத்துத் தருவாள்.

வெர்டெலுக்கு நகரத்துத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றில் தரை துடைக்கும் வேலை. 1969-இல் ஒரு நாள் அவள் துடைத்து முடித்து, படப்பிடிப்புக் கூடத்தின் கதவில் ஒரு காகிதம் ஒட்டினாள். 'ஈரமாக இருக்கிறது. தயவுசெய்து பத்து நிமிடம் பொறுக்கவும்.' அம்ப்ரோஸ் டில்லரி அந்தக் கதவின் முன்னால் நின்றுவிட்டார். அப்போதுதான் அவர் அங்கே மாதாமாதம் ஒரு மணி நேர நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கியிருந்தார். கறுப்பர்களே எழுதி, கறுப்பர்களே நடத்தி, கறுப்பர்களே ஆடிப் பாடும் நிகழ்ச்சி. அதற்கு முன் அப்படி ஒன்றை யாரும் பெட்டியில் பார்த்ததில்லை.

"இத யாரு எழுதுனது?"

"நான்தாங்க சார். போகணும்னா போங்க, சும்மா எழுதி வச்சேன்."

"பத்து நிமிஷம் பொறுக்கச் சொல்லி இவ்வளவு அழகா எழுதிட்டு, போங்கன்னா எப்படி? உங்க பேர் என்ன?"

"வெர்டெல்."

"முழுப் பேர்?"

"வெர்டெல் காட்ஸ்டன்."

"சரி, மிஸ் காட்ஸ்டன். நிகழ்ச்சி பதிஞ்ச நாடா வைக்கிற அறையில லேபிள் எழுத ஆள் இல்லாம தவிக்கிறாங்க. நான் பேசுறேன்."

அந்தக் கட்டடத்தில் அவளை மிஸ் என்று அழைத்த முதல் மனிதர் அவர்தான். கடைசி மனிதரும் அவர்தான். நாடா அறையின் மேலாளர் ப்ரூயிட், வெள்ளைக்காரர், அவளைவிட மூன்று வயது சின்னவர். முதல் நாளே "வெர்டெல், காபி எங்கே இருக்குன்னு உனக்குத் தெரியும்ல?" என்றார்.

நிகழ்ச்சியின் பெயர் 'முன்னறை'. ஹார்லெமில் எந்த வீட்டுக்குப் போனாலும் விருந்தாளிக்கென்று ஒரு முன்னறை இருக்கும். அதில் ஒரு நல்ல சோபாவும் அதன்மேல் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் உறையும் இருக்கும். வீட்டுப் பிள்ளைகள் அதில் உட்கார்ந்தால் முதுகில் அடி விழும். டில்லரி அப்படியே ஓர் அறையைப் படப்பிடிப்புக் கூடத்தில் அமைத்தார். விளக்குக்காரர்கள் உறையைக் கழற்றினார்கள், வெளிச்சம் பட்டு மின்னுகிறது என்று. மறுநாள் டில்லரி வந்து தன் கையாலேயே திரும்ப மாட்டினார்.

"இது இல்லாட்டி எங்க ஜனம் இத வீடுன்னு நம்பாது. மின்னுனா மின்னட்டும்."

அதனால் பெரிய பெரிய ஆட்களெல்லாம் அந்தச் சோபாவில் வியர்த்துப்போய் உட்கார்ந்தார்கள். எழுந்தால் பிளாஸ்டிக் தொடையோடு ஒட்டிக்கொண்டு வரும். அந்தக் கிறீச் சத்தம் ஒலிவாங்கியில் விழும். பார்வையாளர் வரிசையில் ஞாயிறு சபைக்குப் போடும் அகலத் தொப்பியோடு வந்த அம்மாக்கள் காமிராவை மறைப்பார்கள். தொப்பியைக் கழற்றச் சொல்ல அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தைரியம் இல்லை.

ஒவ்வொரு தடவையும் கடைசிப் பத்து நிமிடம் அக்கம்பக்கத்து ஆள் ஒருவருக்கு. மவுத் ஆர்கன் வாசிக்கும் பஸ் டிரைவர் வந்தார். கறிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே படம் வரைகிறவர் வந்தார். 1971 மார்ச்சில் ஓர்லீனா வந்தாள். அவளுக்கு முன் நாற்பது நிமிடம் பேர்பெற்ற ஊதுகுழல்காரர் ஒருவர் வாசித்தார். அந்தச் சூடு ஆறும் முன்னே, மஞ்சள் சட்டையில், கையில் காகிதம் இல்லாமல், சோபாவின் நுனியில் உட்கார்ந்து சொன்னாள்:

வாரத்தில் ஆறு நாள்
ஊரார் தலையை நேராக்குகிறேன்.
சீப்பு சூடு, காது பத்திரம், அசையாதே கண்ணே.
ஏழாம் நாள் என் தலையைப் பார்க்கிறார் கர்த்தர்.
அசையாதே கண்ணே என்று அவர் சொல்வதில்லை.

இன்னும் இருந்தது. மொத்தம் ஒரு நிமிடம் நாற்பது விநாடி. தொப்பி அம்மாக்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். வெர்டெல் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சுவரோரம் நின்று பார்த்தாள். அன்று ராத்திரி அந்த நாடாவின் பெட்டிக்கு அவளே லேபிள் எழுதினாள். முன்னறை, எண் இருபத்தேழு.

1973-இல் நிகழ்ச்சியை நிறுத்தினார்கள். பணம் கொடுத்துவந்த மேலிடத்துக்கு, ஒரு கூட்டத்துக்கு மட்டுமான நிகழ்ச்சி வேண்டாமாம், எல்லாருக்கும் பொதுவாக ஏதாவது செய்யலாமாம். இரண்டு மாதம் கழித்து ப்ரூயிட் ஒரு பட்டியலை அவள் மேசையில் வைத்தார். அழிக்க வேண்டிய நாடாக்கள். அப்போது நாடா விலை அதிகம். பழையதை அழித்து மேலே புதியதைப் பதிவார்கள். எல்லா நிலையத்திலும் நடந்ததுதான். பட்டியலில் முன்னறை நாற்பத்தொன்றும் இருந்தது.

"எல்லாமேவா சார்?"

"பட்டியல் படிக்கத் தெரியும்ல?"

தெரியும். வாடகைக்கு அவள் சம்பளம்தான், தங்கை இருமிக்கொண்டிருந்தாள், இந்த மேசையில் ஒரு கறுப்புப் பெண் உட்கார்ந்ததே பெரிய காரியம் என்பதும் தெரியும். கடிகாரத்தைக் கழற்றி வைத்தாள். அழிக்கும் பெட்டியின் காந்தம் கடிகாரத்தையும் நிறுத்திவிடும். நாடா சுற்றிய சக்கரத்தை அந்தப் பெட்டிமேல் வைத்து, மெதுவாக ஒரு சுற்று, புரட்டி இன்னொரு சுற்று, பிறகு சரசரவென்று எடுக்காமல் நிதானமாக விலக்க வேண்டும். பெட்டி உறுமும். ஒரு நாடாவுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பாடியவர், ஆடியவர், சண்டை போட்டவர், பஸ் டிரைவர் எல்லாரும் போய்க்கொண்டேயிருந்தார்கள்.

ஒன்றைக் காப்பாற்ற ஒரு வழி இருந்தது. நிலையத் தலைவரின் மனைவி பூ அலங்காரம் சொல்லித்தரும் நிகழ்ச்சி ஒன்று நடத்தினார். அதை அழிக்க யாருக்கும் துணிச்சல் கிடையாது. திரும்பப் பார்க்க யாருக்கும் ஆசையும் கிடையாது. அலமாரியின் மேல் தட்டில் ஆறு பெட்டி. ஒரே ஒரு பெட்டியில் சக்கரத்தை மாற்றலாம். இரண்டு என்றால் கண்ணில் படும் என்று வெர்டெல் பயந்தாள். எதை மாற்றுவது? நியாயம் என்று பார்த்தால் கடைசி நிகழ்ச்சி. அதில் டில்லரி சோபாவில் தனியாக உட்கார்ந்து எல்லாருக்கும் விடை சொல்லியிருந்தார். கை இருபத்தேழுக்குப் போயிற்று. தலைவர் மனைவியின் ரோஜாவும் லில்லியும் காந்தத்துக்குப் போயின. ஓர்லீனா பூப்பெட்டிக்குள் போனாள். பெட்டி பழையது, லேபிள் கிழிந்திருந்தது. புதிதாக ஒன்று எழுதி ஒட்டினாள். பூ அலங்காரம், எண் ஆறு.

ஒரு வாரம் கழித்து டில்லரி வந்தார். தெற்கே ஒரு கல்லூரியில் பாடம் நடத்தக் கூப்பிட்டிருந்தார்கள், மாணவர்களுக்குக் காட்ட நாடா வேண்டும்.

"எத்தனை இருக்கு, மிஸ் காட்ஸ்டன்?"

அவள் எழுந்து நின்றாள். ப்ரூயிட்டின் அறைக் கதவு திறந்திருந்தது.

"ஒண்ணும் இல்லைங்க."

"ஒண்ணும் இல்லைன்னா?"

"பட்டியல் வந்துச்சு."

டில்லரி அலமாரியைப் பார்த்தார். பிறகு அழிக்கும் பெட்டியை. பிறகு அவள் கையை.

"அழிச்சது யாரு? நீங்களா?"

தலையாட்டினாள். அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போனார். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். ஒன்று மிச்சம் இருக்கிறது என்று படியில் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். ப்ரூயிட்டின் காதுக்குப் பயந்து சொல்லவில்லை என்று நெடுநாள் தனக்கே சொல்லிவந்தாள். அது பாதிதான். எது மிச்சம் என்று அவர் கேட்பாரே, உங்களை அழித்துவிட்டு என் தங்கையை வைத்துக்கொண்டேன் என்று எப்படிச் சொல்வது? டில்லரி 1985-இல் இறந்தார். அதுவரை அவரை வெர்டெல் பார்க்கவில்லை.

ஓர்லீனா அதற்கு வெகு முன்பே, 1974 பிப்ரவரியில், நிமோனியாவில் போனாள். இருந்த ஒரே புகைப்படத்தில் சபைத் தொப்பியின் நிழல் மூக்கு வரை விழுந்திருந்தது. அடுத்த வருடம் நிலையத்தில் லேபிள்களைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார்கள். "இனி கையெழுத்து தேவைப்படாது, வெர்டெல்" என்றார் ப்ரூயிட். எந்த வேலைக்காக நாற்பது நாடாவை அழித்தாளோ அந்த வேலை அத்தோடு போயிற்று. பிறகு முப்பது வருடம் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் சோளரொட்டி வெட்டினாள்.

2016-இல் நிலையம் இடம் மாறியபோது பழைய நாடாப் பெட்டிகளைக் குப்பைக்கு எடுத்தார்கள். யாரோ ஒருவர் பூ அலங்காரத்தைப் போட்டுப் பார்க்க, உள்ளே ஊதுகுழல் கேட்டது. பத்திரிகையில் அதிசயம் என்று எழுதினார்கள். நைமா ப்ராடஸ் என்ற இளம்பெண் முன்னறையைப் பற்றி ஆவணப்படம் எடுக்கப் புறப்பட்டாள். பழைய பணியாளர் பட்டியலையும் லேபிளையும் வைத்துக்கொண்டு, நூற்று நாற்பத்தைந்தாம் தெருவில் மூத்தவர்கள் குடியிருக்கும் கட்டடத்தின் ஐந்தாம் மாடிக்கு வந்து கதவைத் தட்டினாள்.

பக்கத்து வீட்டு ஜெனோபியாவும் கூடவே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டாள். வெர்டெலின் வீட்டுக்கு யார் வந்தாலும் அவளும் வருவாள்.

"இவகிட்ட கேள்வி கேட்டா நாளைக்குத்தான் பதில் வரும், கண்ணு. சாப்பாடு கட்டிட்டு வந்தியா?" என்றாள் நைமாவிடம்.

"சும்மா இருடி," என்றாள் வெர்டெல். பிறகு நைமா பக்கம் திரும்பினாள். "எல்லாம் சொல்றேன்மா. யாரு அழிக்கச் சொன்னாங்க, யாரு அழிச்சாங்க, எப்படி ஒண்ணு தப்புச்சு, எல்லாம். ஒண்ணே ஒண்ணு. என் தங்கச்சி கவிதைய முழுசாக் காட்டணும். கீழ அவ பேரப் போடணும். ஓர்லீனா காட்ஸ்டன்னு."

"கண்டிப்பா, மிஸ் வெர்டெல். அவங்க இல்லாம இந்தப் படமே இல்ல."

"அப்படிச் சொல்லாத. போடுறேன்னு மட்டும் சொல்லு."

"போடுறேன்."

மூன்று மணி நேரம் பேசினாள். வாழ்க்கையில் ஒரே நாளில் அவ்வளவு பேசியதில்லை. நாற்பதை அழித்ததைச் சொன்னாள், டில்லரியின் தொப்பியைச் சொன்னாள். ஜெனோபியாவுக்கே அது புதுசு. அன்று முழுக்க அவள் கிண்டல் பேசவில்லை.

படம் இரண்டு வருடம் கழித்து வந்தது. ஹார்லெமில் முதல் காட்சி. வெர்டெல் ஈஸ்டருக்கு வாங்கிய தொப்பியைப் போட்டுக்கொண்டாள். பின்னால் இருப்பவருக்கு மறைக்குமே என்று உட்கார்ந்ததும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "போட்டுக்கடி, நம்ம படம்," என்றாள் ஜெனோபியா. வெர்டெல் போடவில்லை.

தொடக்கத்திலேயே பெரிய எழுத்தில் வந்தது. இந்த அரிய நாடாவைப் பாதுகாத்து வழங்கிய நிலையத்துக்கு நன்றி. ஜெனோபியா முழங்கையால் இடித்தாள். வெர்டெல் அசையவில்லை. பேராசிரியர்கள் வந்தார்கள். ஒருவர் பிளாஸ்டிக் உறையைப் பற்றி நீளமாகப் பேசினார். அது காப்பாற்றப்பட்ட கண்ணியத்தின் குறியீடாம்.

"சோபா அழுக்காகக் கூடாதுன்னு போட்டது," என்றாள் ஜெனோபியா. முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

வெர்டெலின் கை வந்தது. கை மட்டும், மேசைமேல். பிறகு முகம். 'அப்போ எல்லா நிலையத்துலயும் அப்படித்தான் செஞ்சாங்க' என்று திரையில் அவள் சொன்னாள். சொன்னதுதான். அதற்கு முன்னும் பின்னும் சொன்னது எதுவும் இல்லை. கீழே எழுதியிருந்தது: வெர்டெல், முன்னாள் பணியாளர்.

ஊதுகுழல்காரர் ஒன்பது நிமிடம் வாசித்தார். வெர்டெல் தொப்பியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அடுத்தது தங்கைதான் என்று அவளுக்குத் தெரியும். மஞ்சள் சட்டை வந்தது. ஓர்லீனா வந்தாள், நாற்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு, மூக்கில் நிழல் இல்லாமல். உதடு அசைந்தது. குரல் அவளுடையது இல்லை. அந்த நிகழ்ச்சியில் சாதாரணப் பெண்களும் தங்கள் முடியைப் பற்றித் தாங்களே பேச ஒரு மேடை கிடைத்தது என்று பேராசிரியை ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வாக்கியம் முடியுமுன் முகம் மாறி வேறு படம் வந்தது. நான்கு விநாடி இருக்கும். கீழே பேர் இல்லை.

விளக்கு வந்ததும் நிலையத்திலிருந்து வந்த ஒருவர் மேடையேறி, தங்கள் முன்னோடிகளின் தொலைநோக்கைப் பற்றிப் பேசினார். நைமா, "நம்மகூட மிஸ் வெர்டெல் இருக்காங்க" என்று கை காட்ட, கூட்டம் எழுந்து கை தட்டியது. எதற்குத் தட்டுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது.

வாசலில் நைமா ஓடி வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"மிஸ் வெர்டெல், முழுசா இருந்துச்சு. ஏப்ரல் வரைக்கும் முழுசா இருந்துச்சு. நிலையத்தோட வக்கீல், அழிச்ச விஷயம் வந்தா நாடாவ தரமாட்டோம்னுட்டாரு. நாடா இல்லாட்டி படமே இல்ல. அப்புறம் நீளம் வேற. கவிதைய எடுத்துட்டாங்க."

"எடுத்துட்டாங்களா? எடுத்தியா?"

நைமா கையிலிருந்த நிகழ்ச்சிச் சீட்டை இரண்டாக மடித்தாள்.

"ஒனக்கும் ஒரு பட்டியல் வந்திருக்கு," என்றாள் வெர்டெல். திட்டுகிற குரலில் சொல்லவில்லை. அதுதான் அந்தப் பெண்ணை அழவைத்தது. வெர்டெல் தன் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள். திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

பஸ்ஸில் ஜெனோபியா நான்கு நிறுத்தம் வரை பொறுத்திருந்தாள்.

"நாலு பேரு முன்னாடி எழுந்து சொல்லியிருக்கலாம்ல நீ? இதாண்டி நடந்துச்சுன்னு?"

"சொல்லத்தானே மூணு மணி நேரம் உட்கார்ந்தேன்."

"பிரதியாவது ஒண்ணு கேளு. ஒன் தங்கச்சிடி அது."

கேட்டாள். நிலையம் கடிதம் அனுப்பியது. பிரதி தருவதற்கில்லை, முன்கூட்டி விண்ணப்பித்தால் நிலையத்தின் காப்பகத்தில் ஒரு முறை பார்க்கலாம். விண்ணப்பத்தில் 'நோக்கம்' என்று ஒரு கட்டம் இருந்தது. ஆராய்ச்சி, கல்வி, வணிகம், பிற. 'பிற' என்பதில் கோடு போட்டு, பக்கத்தில் எழுதினாள். என் தங்கையைப் பார்க்க.

காப்பகம் புதுக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. குளிர். பொறுப்பில் இருந்த இளைஞர் மரியாதையான ஆள்தான். பை வெளியே, கைபேசி வெளியே, பேனா கூடாது என்று விதிகளைப் படித்துக் காட்டினார். மேசைமேல் பழைய பெட்டியை வைத்திருந்தார்கள், அதைத் தொட வெள்ளைக் கையுறை வேறு. நாடாவை இப்போது கணினியில் போட்டிருந்ததால் பெட்டி சும்மா பார்வைக்குத்தான். அதன்மேல் பளபளவென்று அச்சடித்த சீட்டு ஒன்று, நிலையத்தின் அரிய சேமிப்பு என்று. அதற்குக் கீழே அவள் கையெழுத்து. மை பழுப்பாகியிருந்தது, ஓர் எழுத்துகூட அழியவில்லை.

ஊதுகுழலைத் தாண்டிவிடச் சொன்னாள். மஞ்சள் சட்டை வந்து உட்கார்ந்தது. கிறீச். ஓர்லீனா சிரிப்பை அடக்கிக்கொண்டு தொடங்கினாள். வாரத்தில் ஆறு நாள். இந்த முறை அவள் குரலே. அவ்வளவு கட்டைக் குரல் என்பது வெர்டெலுக்கு மறந்தே போயிருந்தது. நடுவில் மூச்சை விட்டுவிட்டு எடுத்தாள், அப்போதே இருமல் இருந்திருக்கிறது. கடைசி வரி முடிந்ததும் ஓர்லீனா காமிராவைப் பார்க்கவில்லை. கண்ணாடித் தடுப்பின் பக்கம், சுவரோரம், யாரையோ தேடிப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். எப்படிக்கா இருந்துச்சு என்று.

"இன்னொரு தடவை போடுவீங்களா?"

"ஒரு தடவைதான் அனுமதி, மேடம். மன்னிக்கணும்."

"சரி."

அவர் கணினி பக்கம் திரும்பி, பார்த்த நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தார். வெர்டெல் தலையிலிருந்து ஈஸ்டர் தொப்பியைக் கழற்றினாள். அதன் உள்மடிப்பில் பேனா இருந்தது. பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, பூ அலங்காரத்தை ஒரே கோட்டால் அடித்தாள். கீழே இருந்த இடத்தில் எழுத ஆரம்பித்தாள். எழுபத்து நாலு வயதிலும் எழுத்து கோணவில்லை. அவசரப்படவில்லை.

"மேடம், பேனா கூடாது... மேடம், என்ன செய்றீங்க?"

"லேபிள் தப்பா இருக்கு தம்பி. எழுதினவ நான்தான்."

அவர் கதவைத் திறந்து காவலாளியைக் கூப்பிட்டார். காவலாளி, அவளுடைய ஊர்க்காரர் மாதிரி முகம், அறுபது வயது இருக்கும், வந்து பெட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தொப்பியையும் பார்த்தார்.

"வாங்கம்மா, போகலாம். உங்க பேர் என்ன? எழுதிக்கணும்."

"மிஸ் காட்ஸ்டன்," என்றாள். பேனாவை மூடவில்லை. கடைசி எழுத்து பாக்கி இருந்தது. காவலாளி அது முடியும்வரை நின்றார். இனி எந்தக் காலத்திலும் இந்தக் கட்டடத்துக்குள் அவளை விடமாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

முன்னறை, எண் இருபத்தேழு. ஓர்லீனா காட்ஸ்டன்.